சிப்பிக் காளான்: பட்ட மரத்திலிருந்து கறிச்சட்டி வரை

மாரி மழை தொடங்கி இரண்டொரு வாரம் சென்றதும், வயல் வரம்பிலும், கறையான் புற்றடியிலும், விழுந்து கிடக்கும் மரக்குற்றிகளிலும் காளான்கள் முளைத்தலைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். அவற்றுட் சில நல்ல உணவு. சில உயிருக்கு உலை வைப்பவை. இரண்டும் ஒரே மழையில், சில வேளை ஒரே நிலத்தில் முளைக்கின்றன. ஆதலால் ஒவ்வொரு மாரியிலும் ஏதோவொரு வீட்டில், காளான் கறி உண்டவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் நிலை நேரலாம்.

மற்றொரு புறத்தில், சூடடித்து முடிந்தபின் வைக்கோலை வயலிலேயே தீயிட்டு எரிக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. இவ்விரண்டு குறைகளுக்கும் ஒரே பரிகாரமாக அமைவது சிப்பிக் காளான். அது காட்டில் எவ்வாறு வாழ்கின்றது என்பதை அறிந்துகொண்டால், அதை நம் வைக்கோலில் எவ்வாறு வளர்ப்பது என்பதும், ஏன் ஒவ்வொரு வேலையையும் குறித்தபடி செய்தல் வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும்.

காளான் என்பது யாது?

காளான் ஒரு பயிரன்று. அது பங்கசு வகையைச் சேர்ந்தது. பயிர்களைப்போல வெயிலைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்கும் பச்சையம் அதற்கு இல்லை. நாம் கண்ணாற் காணும் குடையானது அதன் காய் போன்ற உறுப்பேயாகும். உண்மையான உடல், நூலினும் மெல்லிய வெண்ணிற இழைகளாக மரத்துள்ளோ மண்ணுள்ளோ பரந்து கிடக்கும். மாமரத்தைக் காணாது மாங்காயை மட்டும் காண்பவனைப்போல, நாம் குடையை மட்டும் கண்டு அதுவே காளான் என எண்ணுகிறோம்.

குடையின் அடியில் விசிறி மடிப்புப்போன்ற தகடுகள் உள. இவற்றைப் பூக்கள் என்பர். இப்பூக்களிலிருந்து தூள் போன்ற வித்திகள் கோடிக்கணக்கில் உதிர்ந்து காற்றிற் பரவும். ஏற்ற இடத்தில் விழுந்த வித்தி முளைத்து மீண்டும் இழையாகும்.

காட்டில் அதன் வாழ்க்கை

சிப்பிக் காளான் பட்ட மரங்களிலும், நலிந்த மரங்களிலும் வாழ்வது. மரத்துக்கு வலிமை கொடுப்பவை இலிக்னின், செலுலோசு என்னும் இரு பொருள்கள். இலிக்னினைச் சிதைக்கும் ஆற்றல் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. சிப்பிக் காளான் அவற்றுள் ஒன்று. அது தின்ற மரம் வெளிறி, மென்மையாகி, நார் நாராகப் பிரியும்.

மரத்தில் நைதரசன் மிகக் குறைவு. இக்குறையை இக்காளான் தீர்த்துக்கொள்ளும் முறை வியக்கத்தக்கது. மரத்துள் வாழும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்கள் இதன் இழைகளைத் தீண்டியவுடன், இழையிலுள்ள நஞ்சினால் செயலிழந்து விடுகின்றன. பின்னர் இழைகள் புழுவின் உடலுட் புகுந்து அதை உணவாக்கிக்கொள்கின்றன. இதனைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்களான தோணும் பரனும் 1984 இல் வெளியிட்டனர்.

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டியது ஒன்றுண்டு. சிப்பிக் காளானுக்கு உரமிட்ட மண் வேண்டுவதில்லை. செலுலோசும் இலிக்னினும் உள்ள உலர்ந்த பயிர்க்கழிவே போதும். நெல் வைக்கோல் அத்தகைய பொருளேயாகும்.

சிப்பிக் காளானை அறியும் அடையாளங்கள்

1. அது மரத்திலேயே முளைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகக் கொத்தாய் நிற்கும்.

2. குடை முழு வட்டமாயிராது. சிப்பி ஓடு அல்லது விசிறி போன்றிருக்கும். நிறம் வகைக்கேற்ப வெள்ளை, சாம்பல், கபிலம், இளஞ்சிவப்பு என வேறுபடும்.

3. தண்டு குட்டையாய், குடையின் நடுவிலன்றி ஓரத்திற் பொருந்தியிருக்கும். சிலவற்றில் தண்டே இராது.

4. பூக்கள் குடையின் அடியோடு நில்லாது தண்டின்மேலும் இறங்கி ஓடும்.

5. தண்டில் வளையமோ, அடியில் கிண்ணம்போன்ற உறையோ இராது.

6. வித்தித் தூள் வெண்மையாகவோ, சற்று ஊதா கலந்த சாம்பலாகவோ இருக்கும்.

இவ்வடையாளங்களுக்கும் விலக்குகள் உள. நம் நாட்டின் ஈரக் காடுகளில் மண்ணிலிருந்து நீண்ட தண்டோடு எழும் பெருங்காளான் ஒன்றுண்டு. இலங்கையிலிருந்து கிடைத்த அதனை 1847 இல் ஆங்கில அறிஞர் பெர்க்லி விவரித்துப் பெயரிட்டார். சிங்கள மக்கள் அதனை ‘உறு பஹ’ எனக் கூறி விரும்பி உண்பர். அண்மைக் காலத்திலேயே அது சிப்பிக் காளானின் இனமென வகுக்கப்பட்டது. புதைந்து கிடக்கும் மரத்திலிருந்து எழுவதால் அது மண்ணில் முளைத்ததுபோலத் தோன்றுகிறது. அறிஞருக்கே இத்தனை காலம் சென்றதெனின், கடகத்தோடு காட்டுக்குச் செல்பவர் ஒரு பார்வையில் முடிவு செய்தல் எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்க்க.

ஏமாற்றும் காளான்கள்

சிப்பிக் காளானைப் போலவே மரத்திற் கொத்தாக முளைத்து, வெண்ணிற வித்தித் தூளையே உதிர்க்கும் நச்சுக் காளான்கள் பல நாடுகளில் உள. அவற்றுட் சில இருளில் மெல்லென ஒளிரும். யப்பானில் நெடுங்காலம் மக்கள் உண்டுவந்த, சிப்பிக் காளானை ஒத்த மெல்லிய வெண்காளான் ஒன்றுண்டு. 2004 ஆம் ஆண்டில் அதனை உண்டவர்களுட் பலர் மூளை பாதிக்கப்பட்டு நோயுற்றனர். 17 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களிற் பெரும்பாலோர் முன்னரே சிறுநீரக நோய் உள்ளவர்கள். எனவே ‘எங்கள் பாட்டன் காலந்தொட்டு உண்கிறோம்’ என்பதும் முழுக் காப்பு ஆகாது.

ஒரு மாரியில், வன்னியிலுள்ள குடியேற்றத் திட்டமொன்றில் கமக்காரர் ஒருவர் கடகம் நிறையக் காளானுடன் என்னிடம் வந்தார். அகன்ற வெள்ளைக் குடைகள், மேலே கபிலச் செதில்கள், தண்டில் வளையம். மேய்ச்சற் புல்லிற் பிடுங்கியவை. புற்றுக்காளான் என்று எண்ணி அன்றிரவே கறியாக்க வீட்டார் தேங்காயும் துருவி வைத்திருந்தனர். “வெள்ளையாய் இருக்கின்றதே ஐயா, பூச்சியும் தின்றிருக்கின்றது. பின் என்ன பயம்?” என்றார் அவர்.

ஓர் இரவு பொறுக்குமாறு அவரை வேண்டி, ஒரு குடையின் தண்டை நீக்கி, பூக்கள் கீழ்நோக்க வெள்ளைத் தாளின்மேல் வைத்து ஒரு சட்டியால் மூடினேன். மறுநாட் காலை சட்டியைத் தூக்கியபோது தாளில் பச்சை நிறத் தூள் கோடு கோடாகப் படிந்திருந்தது. வெப்ப நாடுகளில் மக்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் பச்சைப்பூக் காளான் அது. கமக்காரர் தாளையும் கடகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாயாரும் இருந்தனர்.

வித்தித் தூளைப் பார்த்தல் நல்ல பழக்கம். ஆயினும் அதனால் ஐயத்துக்கு இடமான ஒரு காளானை விலக்க முடியுமேயன்றி, உண்ணத்தக்கதென உறுதி செய்ய முடியாது. கொடிய நச்சுக் காளான்கள் சிலவற்றின் தூளும் தூய வெண்மையே.

நம்பத் தகாத சோதனைகள்

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, உள்ளி நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி தின்றால் நல்லது, நன்றாய் வேகவைத்தால் நஞ்சு நீங்கும் என்பவை யாவும் தவறு. ஈரலைச் சிதைக்கும் கொடிய நஞ்சு கொதியினால் அழிவதில்லை. அதை உண்டவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில வேளை ஒரு நாள் வரை, ஒரு குறியும் தோன்றாது. பின் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகி, சற்றுத் தணிந்து நலமானதுபோலத் தோன்றும். அவ்வேளையிலும் ஈரல் சிதைந்துகொண்டே இருக்கும்.

ஆகவே காளான் உண்டபின் எவருக்கேனும் சுகவீனம் காணுமாயின், குணமாகுமெனக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். எஞ்சிய காளானையோ கறியையோ உடன் எடுத்துச் செல்க.

காட்டிலிருந்து கொட்டிலுக்கு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்றே. காட்டிற் கண்ட காளானை நம்புவதைவிட, இனம் அறிந்த வித்தைக்கொண்டு வீட்டில் வளர்த்த காளானை உண்பதே அறிவுடைமை. இம்முறை புதிதன்று. முதலாம் உலக யுத்தகாலத்தில் உணவுப் பஞ்சம் நேர்ந்தபோது, செருமனியில் மரக்குற்றிகளிற் சிப்பிக் காளானை வளர்க்க முயன்றனர். 1962 இல் இந்தியாவின் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சாகியா பானோவும் ஸ்ரீவாஸ்தவாவும் நெல் வைக்கோலில் இதனை வளர்க்கும் முறையை வெளியிட்டனர். இன்று நம் நாட்டில் மரத்தூளை உறையிலிட்டு நீராவியில் அவித்து வளர்ப்பதே பெருவழக்கு. வைக்கோல் நிறைந்த நெற்செய்கைப் பகுதிகளுக்கு வைக்கோல் முறையே எளிது, செலவும் குறைவு.

வளர்க்கும் முறை

இடம்: கிடுகால் வேய்ந்த சிறு கொட்டில் போதும். வெயில் நேரே படலாகாது; காற்றோட்டம் இருத்தல் வேண்டும். தரையில் மணல் பரப்பி நீர் தெளித்து வந்தால் குளிர்ச்சி நிலைக்கும்.

காலம்: 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் பெரும்பாலான வகைகளுக்கு ஏற்றது. வடக்கிலும் கிழக்கிலும் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள மாதங்களில் தொடங்குதல் நன்று. கோடைக் கச்சானில் முதன் முயற்சி செய்தல் ஆகாது.

வித்து: பூட்டான் சிப்பி, அமெரிக்கச் சிப்பி, அபலோன் முதலிய பெயர்களில் வித்து விற்கப்படுகின்றது. நம் இடத்து வெப்பத்துக்கு ஏற்ற வகையைப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து வாங்குக. வித்துப் போத்தலில் வெண்ணிற இழை முழுதும் படர்ந்திருத்தல் வேண்டும். பச்சை, கறுப்பு நிறங்களோ புளித்த நாற்றமோ இருப்பின் தள்ளிவிடுக. அபலோன் வகையில் மட்டும் வெள்ளிழையின்மேல் சிறு கருந்துளிகள் தோன்றுதல் இயல்பு.

வைக்கோல்: அப்போகத்து வைக்கோலாய், மழையில் நனையாததாய், பொன்னிறமாய் இருத்தல் வேண்டும். பூச்சிநாசினி தெளித்து அறுவடைக்குரிய இடைக்காலம் செல்லாத வயலின் வைக்கோலை எடுக்கலாகாது. காளான் அந்நஞ்சை ஏற்கும்.

வேலை முறை வருமாறு:

1. வைக்கோலை 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டி, ஓர் இரவு நல்ல நீரில் ஊறவைத்து வடிக்க.

2. பீப்பாயில் நீரைச் சூடாக்கி, 70 முதல் 80 பாகை வெப்பத்தில் வைக்கோலை ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைக்க. வெப்பமானி இல்லாதவர், அடியிற் சிறு குமிழிகள் எழுந்து ஆவி பறக்கும் நிலையை, கொதிக்க விடாது காக்கலாம். இதனால் வைக்கோலிலுள்ள பூசணங்களும் பூச்சி முட்டைகளும் அழியும்.

3. தூய சாக்கின்மேல் பரப்பி ஆறவிடுக. ஒரு பிடியை எடுத்து இறுகப் பிழிந்தால் நீர் சொட்டலாகாது. உள்ளங்கை மட்டும் ஈரமாதல் வேண்டும். இதுவே சரியான பதம்.

4. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பொலித்தீன் உறையின் அடியைக் கட்டி, நான்கு விரற் கனத்துக்கு வைக்கோலை இட்டு அமுக்கி, அதன்மேல் ஓரத்தைச் சுற்றி வித்தைத் தூவுக. இவ்வாறு நான்கு ஐந்து அடுக்குகள் இட்டு வாயைக் கட்டுக. உலர்ந்த நிறையில் அரைக் கிலோ வைக்கோலுக்கு 75 முதல் 100 கிராம் வித்துப் போதும்.

5. காற்றுப் புகுவதற்குப் பத்துப் பன்னிரண்டு சிறு துளைகள் இட்டு, இருண்ட இடத்தில் தொங்கவிடுக. இரண்டு மூன்று வாரத்தில் உறை முழுவதும் வெண்மையாகும். அதுவரை நீர் தெளிக்க வேண்டியதில்லை.

6. வெண்மையானதும், செய்தித்தாள் வாசிக்கத்தக்க அளவு வெளிச்சமும் நல்ல காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றி, உறையிற் சில இடங்களைக் கீறிவிடுக. நாளுக்கு இருமுறை, வெப்ப நாட்களில் மும்முறை, கொட்டிலின் தரையிலும் சுவரிலும் உறையின்மேலும் புகைபோல நீர் தெளிக்க. சில நாட்களில் குண்டூசித் தலைபோன்ற மொட்டுக்கள் தோன்றும். அதிலிருந்து மூன்று நான்கு நாட்களில் அறுவடை செய்யலாம்.

ஓர் உறையில் மூன்று முறை வரை அறுக்கலாம். நன்கு பராமரித்தால் ஒரு கிலோ உலர் வைக்கோலிலிருந்து அரைக் கிலோ முதல் முக்காற் கிலோ வரை பச்சைக் காளான் கிடைக்கும்.

நேரும் பிழைகள்

முதன்முதலில் நான் தொங்கவிட்ட இருபது உறைகளுட் பதினான்கு பச்சைப் பூசணம் பிடித்து அழிந்தன. மழை மூட்டத்தால் வைக்கோல் ஆற நேரமெடுத்தது. பொறுமையிழந்து, பிழிந்தால் நீர் ஒழுகும் பதத்திலேயே உறையிலிட்டேன். வித்து விற்றவரைக் குறை கூறினேன். குறை என் கையிலேயே இருந்தது. ஈரம் மிகுந்த இடத்தில் காற்றுப் புகாது. அங்கே காளான் இழை தளர, பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். அத்தகைய உறையைக் கொட்டிலில் வைத்துத் திறவாது, வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுக.

தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் போதாது என்று அறிக. குடையின் ஓரம் வெடித்து உலர்ந்தால் ஈரம் போதாது. மொட்டுக்கள் மஞ்சளாகி அழுகினால் மொட்டின்மேல் நீர் தேங்கியுள்ளது. சிறு ஈக்கள் வருமாயின் வாயிலுக்கும் சாளரத்துக்கும் நுண்வலை இடுக. பூச்சிநாசினியைக் காளானுக்குத் தெளித்தல் ஒருபோதும் ஆகாது.

பலர் கவனியாத ஆபத்து ஒன்றுண்டு. முற்றிய காளான் உதிர்க்கும் வித்தித் தூளை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் உண்டாகலாம். எனவே முற்றுமுன் அறுத்துவிடுக. கொட்டிலுட் செல்லும்போது முகக்கவசம் அணிக. செல்லுமுன் கதவைத் திறந்து சற்றுக் காற்றாட விடுக.

அறுவடையும் அடுக்களையும்

குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே அறுத்தல் வேண்டும். ஓரம் மேல்நோக்கி மடிந்துவிட்டால் முற்றியதாகும். கொத்தை அடியிற் பிடித்து மெல்லத் திருகி எடுக்க. அறுக்கும் நாளன்று காலையில் நீர் தெளிக்காதிருப்பின் காளான் நெடுநேரம் வாடாது. கடதாசிப் பையிலிட்டுக் குளிரூட்டியில் சில நாட்கள் வைக்கலாம். அல்லது கிழித்துச் சுளகிற் பரப்பி, முறுகும் வரை வெயிலில் உலர்த்திக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வைக்கலாம்.

பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. எஞ்சியதிற் புரதமும் நார்ப்பொருளும் பி வகை உயிர்ச்சத்துக்களும் உள. இதனைப் பச்சையாக உண்ணலாகாது. நன்கு சமைத்தே உண்க. முதன்முறை உண்பவர் சிறிதளவு உண்டு, ஒவ்வாமை உண்டோ எனப் பார்த்தல் நன்று.

சமைக்கும்போது நீரில் ஊறவையாது விரைவாக அலசி, கத்தியால் வெட்டாது விரலால் நீளமாகக் கிழிக்க. அடித்தண்டு வன்மையானால் நீக்குக. சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பெருஞ்சீரகம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை இட்டுத் தாளித்து, காளானைப் போட்டு மூடாது கிளறுக. காளான் தன் நீரை விடும். அந்நீர் வற்றும் வரை பொறுத்தலே சுவைக்கு வழி. பின் உப்பும் சரக்குத்தூளும் சேர்த்து, கெட்டித் தேங்காய்ப் பால் விட்டு ஒரு கொதியில் இறக்கி, தேசிக்காய்ப் புளி விடுக. பால் விடாது வற்றவிட்டுப் பிரட்டலாகவும், தேங்காய்ப் பூச் சேர்த்து வறையாகவும் ஆக்கலாம்.

எஞ்சிய வைக்கோல்

காளான் எடுத்து முடிந்த வைக்கோல் மென்மையாகிப் பாதி உக்கியிருக்கும். பொலித்தீனை நீக்கி, சாணத்தோடும் இலைகுழையோடும் குவித்து வைத்தால் நல்ல கூட்டெருவாகும். மிளகாய், கத்தரி, வெங்காயப் பாத்திகளுக்கு இதனை இடலாம். பட்ட மரத்தைக் காட்டு மண்ணுக்கு எருவாக்கிய அதே தொழிலை இக்காளான் நம் கொட்டிலிலும் செய்து முடிக்கின்றது.

கமக்காரர் முதன்முறை ஐந்து அல்லது பத்து உறைகளுக்கு மேல் தொடங்க வேண்டா. அவற்றில் வீட்டுக் கறிக்கு வேண்டியதைப் பெற்று, பதமும் பருவமும் கைவந்தபின், விற்பனைக்கு இடம் பார்த்துப் பெருக்குக. ஐயம் தோன்றின் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காண்க. வரம்பில் முளைத்த பெயரறியாக் காளானைப் பிள்ளைகள் பிடுங்கி வந்தால் வெளியே எறிந்து, அவர்களின் கையைக் கழுவி விடுக. கறிக்கு வேண்டிய காளான் கொட்டிலில் தொங்குமாயின், அதை எறிவதற்கு எவரும் தயங்கார்.